முன்கூட்டியே போட்ட சிவப்பு டிக்

அன்புள்ள உமா,

போன வியாழக்கிழமை சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் லேப் பர்வீனைப் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் நின்று நீ சொன்ன வார்த்தைகள் மூன்று நாளாக என் காதில் இருக்கின்றன. "அப்பா, நான் எழுதின ஜன்னல் ப்ரோக்ராம் லேப்ல இன்னும் ஓடுதாம்ப்பா. மூணு வருஷத்துல ஒரு தகராறுகூட இல்லையாம்." உன் அம்மா தோசைத் திருப்பியோடு வெளியே வந்து, "எம்பொண்ணு எழுதினதாச்சே" என்றாள். நான் பேப்பரை மடித்து, விரித்து, மறுபடி மடித்தேன். "சந்தோஷம்மா" என்று மட்டும் சொன்னேன். சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருந்தது. எனக்கு எதுவும் உடனே வாயில் வராது என்பது உனக்குத் தெரியும். வரும் சனிக்கிழமை நீ சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறாய். இரண்டாயிரமாம் ஆண்டு பிறப்பதற்குள், வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த பழைய ப்ரோக்ராம்களைத் தேடித் திருத்தும் வேலை. மற்றவர்கள் விட்டுவைத்த தவறுகளைத் திருத்தப் போகிறவளிடம், என் தவறு ஒன்றை மறைத்துவைத்துக்கொண்டு மீனம்பாக்கத்தில் கையசைக்க எனக்கு மனமில்லை. அதனால் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுவேன். வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கு ஏதாவது விட்டுப்போகும்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடம், முடிச்சூர் சாலையில் டாக்டர் மேடத்தின் ரத்தப் பரிசோதனை லேபில் காலை நேர வேலைக்குச் சேர்ந்தேன். முப்பத்தைந்து வருடம் புள்ளிவிவர ஆபீசில் மற்றவர்கள் கூட்டிய எண்களை மறுபடி கூட்டிப் பார்த்தவன். லேபிலும் ஏறக்குறைய அதே வேலைதான். பர்வீன் கம்ப்யூட்டரில் அடித்த ரிப்போர்ட்டை லேப் நோட்டோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் சிவப்புப் பென்சிலால் டிக் போட வேண்டும். அந்த லேபில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் பர்வீனின் மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் பெயரையும் இனிஷியலையும் வயதையும் திரையிலேயே பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். ஒரே காலையில் கே. லட்சுமி, ஆர். லட்சுமி, கே. விஜயலட்சுமி மூவரும் வந்து உட்காருகிற ஊர் இது. இனிஷியல் மாறி ஒருவருடைய சர்க்கரை அளவு இன்னொருவர் வீட்டுக்குப் போன பிறகு மேடம் கொண்டுவந்த வழக்கம் அது. நல்ல வழக்கம்தான். ஆனால் திரையில் அவர் பெயர் மட்டுமா இருக்கும்? முன்னால் வந்தவரின் ரிப்போர்ட் ஒரு ஜன்னலில், அன்றைய முழுப் பட்டியல் இன்னொன்றில், வேறு யாருக்கோ எழுதிய கடிதம் மற்றொன்றில். பர்வீன் மௌஸை நகர்த்தி ஒவ்வொன்றாகச் சுருக்குவதற்குள், உட்கார்ந்திருப்பவர் பாதி ஊரின் உடம்பைப் படித்துவிடுவார்.

காலேஜ் மூன்றாம் வருடக் கோடை விடுமுறையில் நீ ஒருநாள் எனக்கு டிபன் கேரியர் கொண்டுவந்தபோது அதைப் பார்த்தாய். "ஒரே பட்டன்ல எல்லாத்தையும் சாத்திடலாமேப்பா" என்றாய். பத்து நாளில் எழுதியும் கொடுத்தாய். எஃப் பன்னிரண்டை அழுத்தினால் திறந்திருக்கும் ஜன்னல்கள் எல்லாம் சுருங்கித் திரையின் அடியில் போய் உட்காரும். மறுபடி அழுத்தினால் திரும்பி வரும். அதற்கு 'சாத்து' என்று பெயர் வைத்தாய். மேடத்துக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. குரோம்பேட்டையில் திறக்கப்போகும் கிளைக்கு ரிப்போர்ட் ப்ரோக்ராமையே உன்னை எழுதச் சொல்லலாம் என்று என்னிடம் சொல்லி, தன் டைரியில் உன் பெயரைக் குறித்துக்கொண்டார். நீ திருச்சி ஹாஸ்டலுக்குத் திரும்பும் முன், ஏழு குறிப்புகள் எழுதிய ஒரு காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினாய். ஆறாவது குறிப்பு எனக்கு இன்றும் மனப்பாடம்: 'லேபில் புதிய ப்ரோக்ராம் எது போட்டாலும், அதில் வரும் ஒவ்வொரு பெட்டியையும் திறந்துவைத்து, சாத்து அதைச் சுருக்குகிறதா என்று சோதிக்கவும். சுருக்காவிட்டால் எனக்குத் தெரிவிக்கவும்.'

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு கம்பெனிக்காரர் வந்து, ரிப்போர்ட் ப்ரோக்ராமைப் புதிதாக மாற்றிப் போட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் என் நோட்டில் தேதி போட்டு, 'புதிய ப்ரோக்ராம், எல்லாப் பெட்டிகளும் சோதிக்கப்பட்டன' என்று எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்தால், பர்வீன் கம்ப்யூட்டரைத் துடைத்து மேஜையைக் கழுவிவிட்டிருந்தாள். லேப் உதவியாளர் சந்தனமும் குங்குமமும் வைக்கத் தொடங்கிவிட்டார். பொட்டு வைத்த பிறகு கருவியைத் தொடக் கூடாது. மறுநாள் பூஜை, விடுமுறை. விஜயதசமி அன்று அரை மணி முன்னதாக வந்து சோதித்துவிடலாம், எப்படியும் செய்யத்தானே போகிறோம் என்று நினைத்தேன். நோட்டில் அந்த வரி டிக் இல்லாமல் இரண்டு நாள் கிடப்பது மட்டும் எனக்கு உறுத்தியது. சிவப்புப் பென்சிலை எடுத்து டிக் போட்டுவிட்டேன். முப்பத்தைந்து வருடத்தில் செய்யாத காரியம். அதைச் செய்ய இரண்டு நொடி ஆனது.

விஜயதசமி காலை நல்ல மழை. முடிச்சூர் சாலையில் முழங்கால் வரை தண்ணீர். முன்னதாகப் போக வேண்டியவன் இருபது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். பர்வீன் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தாள். அந்த வரிசையில் முதலில் வந்து மாதிரி கொடுத்துவிட்டு, புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாள் என்று பள்ளிக்கூடத்துக்கு ஓடியவர் ஒரு டீச்சர். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அதே தவறைத் திரும்பச் செய்தவனாவேன். ஒன்பது மணிக்கு அவருடைய முடிவு வந்தது. பர்வீன் அடித்தாள். புதிய ப்ரோக்ராம் அச்சடிக்கும் முன் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டியை விரித்தது. பெயர், வயது, கர்ப்பப் பரிசோதனை, பாசிட்டிவ், அச்சடிக்கலாமா? அந்த நேரம் பார்த்து ப்ரிண்டரில் தாள் தீர்ந்துவிட்டது. தாள் எடுத்துவர நான் உள்ளே போனேன். அடுத்தவரை உட்காரச் சொல்லிவிட்டுப் பர்வீன் எஃப் பன்னிரண்டை அழுத்தினாள். மற்றதெல்லாம் சுருங்கியது. பெட்டியும் அதன் பின்னாலிருந்த ரிப்போர்ட் ஜன்னலும் மட்டும் நடுத்திரையில் அப்படியே நின்றன.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், டீச்சர் தெரு முனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் மல்லிகா. சர்க்கரை பார்க்க வந்தவர். எட்டாவது வரைதான் படித்திருக்கிறார். ஆனால் பாசிட்டிவ் என்ற ஒரு சொல்லை லேபுக்கு வருகிற எல்லோரும் படித்துவிடுவார்கள்.

"இன்னாம்மா இது, எங்க தெரு டீச்சரம்மா பேரு மாரி கீது?"

"அக்கா, அதை நீங்க பாக்கக் கூடாது."

"கண்ணு முன்னாடி வெச்சுகினு பாக்காதன்னா எப்டிம்மா? முழுகாம கீறாங்களா? எட்டு வருசம் ஆச்சு பாவம், சர்ச்சுக்கும் கோயிலுக்குமா நடந்துகினு இருந்தாங்க. நல்ல சேதிதானே, இன்னாத்துக்கு மறைக்கிற?"

தாள்கட்டோடு நான் வெளியே வந்தபோது காதில் விழுந்தது இதுதான். மல்லிகா கெட்ட மனது உள்ளவர் இல்லை. சந்தோஷம் தாங்காமல்தான் போனார். அதுதான் வினையாயிற்று.

மறுநாள் காலை டீச்சர் ரிப்போர்ட் வாங்க வந்தார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் பேசினார். "சார், ஏற்கெனவே ரெண்டு தடவை நின்னு கலைஞ்சு போச்சு. அதனால மூணு மாசம் போகட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். நேத்து ஸ்கூல் விட்டு வரேன், இட்லிக்கடையில கையப் பிடிச்சு சக்கரை குடுக்கறாங்க. என் ரிசல்ட்டை நானே அங்கதான் தெரிஞ்சுக்கிட்டேன். வீட்டுக்குப் போறதுக்குள்ள எங்க மாமியாருக்கு அடுத்த வீட்டுலேர்ந்து சேதி போயிடுச்சு. என் வீட்டுக்காரருக்குப் பால்காரர் சொல்லிட்டார்." கொஞ்ச நேரம் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எட்டு வருஷமா மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தேன் சார், அவர்கிட்ட எப்படிச் சொல்லணும்னு." எழுந்து போய்விட்டார்.

மேடம் என்னை உள்ளே கூப்பிட்டார். "புது ப்ரோக்ராமை சோதிச்சீங்களா சார்?" என்று கேட்டார். என் கையில் நோட்டு இருந்தது. அதில் சிவப்பு டிக் இருந்தது. நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். "சோதிச்சேன் மேடம்" என்றேன். "அப்புறம் எப்படி?" என்றார். அடுத்து நான் சொன்னதைத்தான் மூன்று வருடமாக உன்னிடம் சொல்லவில்லை. "சாத்து ப்ரோக்ராம்லதான் தப்பு இருக்கும் மேடம். எம்பொண்ணு எழுதினது. சின்னப் பொண்ணுதானே." மேடம் டைரியை எடுத்து, குரோம்பேட்டை என்று எழுதிய பக்கத்தில் உன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். பேனா காகிதத்தில் போன சத்தம் எனக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அம்மா கேட்டதற்கு நெஞ்செரிச்சல் என்றேன். அப்போது எனக்கு நினைவு வந்தது வேறொரு சாயங்காலம். உனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். ரேடியோவுக்குள் யார் பேசுகிறார்கள் என்று பார்ப்பதற்காக அதைப் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டாய். நான் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, எதிரே வந்து நின்று, "அப்பா, ரேடியோ போச்சு. என்னாலதான் போச்சு" என்றாய். திட்டுவதற்கு எனக்கு இடமே தரவில்லை. இந்தத் தைரியம் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அன்று இரவு உன் அம்மாவிடம் ஆச்சரியப்பட்டேன். என்னிடமிருந்து வரவில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. நீ எட்டு வயதில் செய்ததை நான் அறுபது வயதில் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

உடனே போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோழை நேரே போக மாட்டான், சுற்றுவழி தேடுவான். முதலில் அதைச் சரிசெய்து காட்டிவிடுவோம், பிறகு சொல்ல எளிதாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். லேப் மத்தியானம் ஒரு மணிக்கு மூடி மூன்றரைக்குத் திறக்கும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் உட்கார மேடத்திடம் அனுமதி கேட்டேன். "உங்களுக்கு இது தெரியுமா சார்?" என்றார். "தெரியாது மேடம்" என்றேன். அது ஒன்றுதான் அந்த வாரம் நான் அவரிடம் சொன்ன உண்மை. அதுவரைக்கும் ஒரு பச்சைத் துண்டு வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொருவர் வந்து உட்காரும்போதும் பர்வீன் திரைமேல் துண்டைப் போட்டு, அதற்குள் தலையை விட்டு ஜன்னல்களை மூடிவிட்டு, துண்டை எடுப்பாள். "போட்டோ ஸ்டுடியோல வேலை செய்யற மாதிரி இருக்கு சார்" என்பாள்.

நீ விட்டுப்போன ஃப்ளாப்பியில் ப்ரோக்ராமை நீ எழுதிய மூல வரிகள் இருந்தன. நல்லவேளை, ஒவ்வொரு பகுதிக்கும் மேலே அது என்ன செய்கிறது என்று ஆங்கில எழுத்தில் தமிழாகவே எழுதியிருந்தாய். 'இங்கே எல்லா ஜன்னலையும் வரிசையா கூப்பிடு.' 'இங்கே ஒவ்வொண்ணையும் சுருங்கச் சொல்லு.' அதைப் படிக்கும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. லைப்ரரியிலிருந்து ஒரு தடித்த புத்தகம் எடுத்துவந்தேன். நோட்டில் மூன்று பத்திகள் போட்டேன்: என்ன மாற்றினேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது. ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டு எதனால் சரியானது என்று தெரியாமல் சந்தோஷப்படுவது எனக்குப் பிடிக்காது.

ஐந்தாம் நாள்தான் விஷயம் புரிந்தது. சுருங்கு என்று உன் ப்ரோக்ராம் எல்லா ஜன்னலுக்கும் ஒழுங்காகத்தான் சொல்கிறது. அந்தச் சின்னப் பெட்டிக்குச் சுருங்கும் பட்டனே இல்லை. அதனால் அது அசையவில்லை. அதுமட்டுமில்லை, பெட்டி கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை அதன் பின்னால் இருக்கும் பெரிய ஜன்னல் யார் சொல்வதையும் கேட்காது. சரி, பெட்டியை மூடிவிடு என்று எழுதினேன். மூடியது. ஆனால் ரிப்போர்ட் ப்ரோக்ராம் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டுவிட்டது. மூலையில் ப்ரிண்டர் கரகரவென்று தானாக அடிக்கத் தொடங்கியது. நான் பதறிப் போய்த் தாளைக் கையால் பிடித்து இழுத்தேன்.

அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை நீ எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுவாய். "சாத்து எப்படிப்பா ஓடுது?" என்று தவறாமல் கேட்பாய். "நல்லா ஓடுதும்மா" என்று தவறாமல் பொய் சொல்வேன். அந்த வாரம் மட்டும், "சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன், ஒரு ஜன்னலுக்குச் சுருங்கற பட்டனே இல்லன்னா என்னம்மா பண்றது?" என்றேன். "மறைச்சிட வேண்டியதுதான்ப்பா. மூட வேணாம், சுருக்க வேணாம், கண்ணுக்குத் தெரியாம பண்ணிட்டா போதும்" என்றாய். "என்னப்பா, ப்ரோக்ராம் எழுதப் போறீங்களா?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

மறைத்தேன். போயிற்று. ஆனால் திரும்பி வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத பெட்டி பதிலுக்குக் காத்திருக்க, அதை நம்பிப் பெரிய ஜன்னல் எதற்கும் அசையாமல் நிற்க, கம்ப்யூட்டரையே அணைத்து எழுப்ப வேண்டியதாயிற்று. பர்வீன் காலையில் அடித்த ஒரு பட்டியல் அதில் போய்விட்டது. "சார், உங்க மேஜிக்ல பொட்டியும் காணோம், என் வேலையையும் காணோம்" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் முதலிலிருந்து அடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக நானே படித்துச் சொன்னேன். இன்னொரு நாள் ஆர்வத்தில் எல்லாவற்றையும் மறை என்று எழுதிவிட்டேன். திரையின் அடியில் இருக்கும் பட்டை, படங்கள் எல்லாம் மறைந்து, துடைத்த பலகைபோலக் கம்ப்யூட்டர் என்னைப் பார்த்தது. பர்வீன் துண்டை நீட்டினாள். "இப்ப இது உங்களுக்குத்தான் சார் வேணும், முகத்தைத் துடைச்சுக்குங்க" என்றாள்.

வழி கிடைத்தது டிபன் கேரியரில். ஒரு மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கேரியரை அடுக்கும்போது கை நின்றது. எடுக்கும்போது மேல் தட்டு முதலில் வருகிறது. அடுக்கும்போது அதுதான் கடைசியில் போகிறது. நான் ஜன்னல்களை மறைத்த அதே வரிசையில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதனால் எது எதன் மேல் இருந்தது என்று எல்லாம் குழம்பியது. முதலில் பட்டியல் எழுது, பிறகு மறை, திருப்பும்போது பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படி. கை கழுவிவிட்டு வந்து எழுதினேன். எஃப் பன்னிரண்டை அழுத்தினேன். பெட்டி போயிற்று. மறுபடி அழுத்தினேன். பெரிய ஜன்னல் வந்தது, அதன் மேல் பெட்டி வந்தது, அச்சடிக்கலாமா என்று விட்ட இடத்திலிருந்தே கேட்டது. பர்வீனைக் கூப்பிட்டுக் காட்டினேன். முப்பது தடவை அழுத்திப் பார்த்தாள். "சார்" என்றாள். அந்த ஒரு சார் எனக்குப் போதுமாக இருந்தது.

ஆனால் நான் அதோடு நிறுத்தவில்லை, உமா. இனி எழுதப்போகும் பகுதியைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். உன் ப்ரோக்ராம் சுருங்கு என்று சொல்லிவிட்டு, சுருங்கியிருக்கும் என்று நம்பி வேலையை முடித்துக்கொள்கிறது. நானும் அப்படித்தான் டிக் போட்டேன். ஆகவே கடைசியில் ஒரு பகுதி சேர்த்தேன். எல்லாவற்றையும் சாத்திய பிறகு, திரையில் இன்னும் எத்தனை தெரிகிறது என்று மறுபடி எண்ணிப் பார். பூஜ்யம் என்றால் மட்டும் ஓரத்தில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளியைக் காட்டு. ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தாலும் கீச்சென்று சத்தம் போடு. புள்ளி பச்சையானால்தான் பர்வீன் அடுத்தவரை உட்காரச் சொல்வாள். நாளைக்கு எந்தக் கம்பெனிக்காரர் எந்தப் புதிய பெட்டியைக் கொண்டுவந்தாலும், நான் சோதிக்க மறந்தாலும், சாத்து தானே தன்னைச் சோதித்துக்கொள்ளும். என் வாழ்நாளில் நான் சுயமாகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான். அந்தப் பச்சைப் புள்ளி முதல் தடவை எரிந்தபோது, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மேஜையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

மறுநாள் மேடத்தைக் கூப்பிட்டோம். பர்வீன் திரையில் பதிமூன்று ஜன்னல்களையும் அந்தப் பெட்டியையும் திறந்துவைத்தாள். "நீங்களே அழுத்துங்க மேடம்" என்றேன். அழுத்தினார். திரை காலியாயிற்று. பச்சைப் புள்ளி வந்தது. மறுபடி அழுத்தினார். பதினான்கும் அதனதன் இடத்துக்குத் திரும்பின. மேடம் அதிகம் சிரிக்காதவர், அன்று சிரித்தார். "பரவாயில்லையே சார். பொண்ணு பண்ணின தப்பை அப்பா சரி பண்ணிட்டீங்க."

நான் எதிர்பார்த்த பாராட்டு வந்துவிட்டது. தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. நான் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தேன். பிறகு நோட்டை எடுத்து, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பக்கத்தைத் திருப்பி, மேடத்தின் முன்னால் வைத்தேன். "மேடம், இந்த டிக் பொய். நான் சோதிக்கவே இல்ல. முதல்லயே டிக் போட்டுட்டேன். சோதிக்கணும்னு எம்பொண்ணு ஆறாவது வரியில எழுதி மாட்டியிருக்கா, பாருங்க. தப்பு அவளுது இல்ல, என்னுது." ஒரே மூச்சில் சொன்னேன்.

மேடம் ஆணியில் தொங்கிய காகிதத்தைப் போய்ப் படித்தார். திரும்பி வந்து, "அப்போ அந்தப் பொண்ணு பேரை ஏன் சார் இழுத்தீங்க?" என்றார்.

"பயம் மேடம்."

"எங்கிட்டயா?"

"எல்லார்கிட்டயும்தான் மேடம்."

பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். மேடம் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "நாப்பது நாளா ஒரு தப்பும் பண்ணாத பொண்ணு மேல கோவமா இருந்திருக்கேன். அதை முதல்ல சரி பண்ணுவோம். அவ ஹாஸ்டல் அட்ரஸ் சொல்லுங்க" என்று காகிதத்தை எடுத்தார். குரோம்பேட்டை கிளைக்கு ப்ரோக்ராம் எழுதித் தரச் சொல்லி உனக்கு வந்த கடிதம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை அதை நீ போனில் முழுக்கப் படித்துக் காட்டினாய். "என் வேலையைப் பாத்துட்டு அவங்களாவே கேக்கறாங்கப்பா" என்றாய். நான் புதிதாகக் கேட்பவன்போலக் கேட்டுக்கொண்டேன். குரோம்பேட்டை வேலையைக் காட்டித்தான் உனக்கு முதல் வேலை கிடைத்தது. அதைப் பார்த்துத்தான் இன்று சிங்கப்பூர். உன் பாதையில் நான் போட்ட கல்லை நானே எடுத்துவிட்டேன், அதனால் நீ இடறவில்லை. ஆனால் அங்கே ஒரு கல் நாற்பது நாள் கிடந்தது என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

டீச்சரிடமும் போனேன். அவர் வீட்டுக்குப் போனால் தெரு பார்க்கும் என்று பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து மன்னிப்புக் கேட்டேன். "இனிமே வேற யாருக்கும் ஆகாம பாத்துக்குங்க சார்" என்றார். அவ்வளவுதான். அடுத்த வருடம் ஒரு காலை, கைக்குழந்தையோடு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. பர்வீன் எழுந்து எனக்கு இடம் விட்டாள். எஃப் பன்னிரண்டை நான் அழுத்தினேன். டீச்சர் திரையை உற்றுப் பார்த்தார்.

"எல்லாம் போயிடுச்சா சார்?"

"போயிடுச்சும்மா."

"அந்தப் பொட்டி?"

"அதுவும்."

ஓரத்தில் பச்சைப் புள்ளி இருந்தது. குழந்தை அதைப் பிடிக்கக் கையை நீட்டியது. டீச்சர் அதன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார், நான் அடித்தேன், திரையில் பார்த்துச் சரி என்றார். அந்தக் காலை எனக்குக் கிடைத்தது போல ஒரு காலை உன் வேலையில் உனக்கும் கிடைக்க வேண்டும்.

அறிவுரை சொல்ல எனக்கு எவ்வளவு தகுதி என்பதை இதற்குள் நீ கணக்கிட்டிருப்பாய். ஒன்றே ஒன்று சொல்கிறேன். அங்கே உனக்கு மேலே பலர் இருப்பார்கள். ஏதாவது தவறு நடக்கும்போது, யார் எழுதியது என்று எல்லோரும் தேடுவார்கள். நீ முதலில் உன் டிக்குகளைப் பார். உன்னுடையதாக இருந்தால், ரேடியோவுக்குச் சொன்னதுபோல, மற்றவர்கள் செருப்பைக் கழற்றும் முன் சொல்லிவிடு. உனக்கு அது தெரியும். எங்கே தெரியாமல் போய்விடுமோ, வயதாக ஆக என்னைப்போல ஆகிவிடுவாயோ என்றுதான் எனக்குக் கவலை. ஆகிவிட்டாலும் பயப்படாதே. அறுபது வயதிலும் திருத்திக்கொள்ள முடிகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எனக்கென்று எதையும் கேட்டுப் பழக்கமில்லாததால் கூச்சமாக இருக்கிறது. பர்வீன் சொன்னாளே, மூன்று வருடமாக ஒரு தகராறும் இல்லை என்று, அந்தப் பெருமையில் பாதி எனக்கு வேண்டும். ப்ரோக்ராமின் முதல் வரியில் உன் பெயர் இருக்கிறது. இரண்டாவது வரியில் 'திருத்தியது: அப்பா' என்று சேர்த்திருக்கிறேன். ஃப்ளாப்பியையும் என் நோட்டையும் உன் பயணப் பெட்டியில், அம்மா வைத்த பருப்புப்பொடி டப்பாவுக்குக் கீழே வைத்திருக்கிறேன். நான் எழுதிய பகுதியைப் பார். உனக்கு அது சுற்றி வளைத்து எழுதியதாகத் தோன்றும். ஆனால் ஓடுகிறது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்றைய தேதி போட்டு, 'உமாவிடம் சொல்லியாயிற்று' என்று எழுதியிருக்கிறேன். அதற்கு எதிரே உள்ள கட்டம் காலியாக இருக்கிறது. சிவப்புப் பென்சிலைச் சீவி, நோட்டின் நடுவில் செருகிவைத்திருக்கிறேன். கடிதத்தைப் படித்து முடித்த பிறகு, அந்த டிக்கை நீ போடு.

உன் அப்பா